அவித்த முட்டை இல்லாத வீடு

முட்டைக் கிடங்கில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிடங்கின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. நடுவில் நீளமான மேஜை, மேஜைக்கு அடியில் விளக்கு, மேலே உருளைகள். முட்டைகள் அந்த உருளைகளில் சுழன்றபடி வெளிச்சத்தைத் தாண்டிப் போகும். உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா, ஓட்டில் மயிரிழைக் கீறல் ஓடுகிறதா, நாள்பட்ட முட்டையா என்று போகிற போக்கில் பார்த்து ஒதுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் கண் கட்டிவிடும். எக்ஸ்ரே பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையை நீட்டுவாள். கை தப்பாமல் கீறல் முட்டையில்தான் போய் விழும். சந்தேகம் வந்தால் இரண்டு முட்டைகளை எடுத்துக் காதோரம் லேசாகத் தட்டிப் பார்ப்பாள். நல்ல முட்டை கிண்ணென்று பேசும். கீறல் முட்டை தொண்டை கட்டியதுபோல முனகும். "எங்கிட்டயேவா?" என்று அதைக் கூடையில் போடுவாள்.

இந்தத் திறமை முட்டையோடு நின்றிருந்தால் வம்பில்லை. மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று அவள் நம்பினாள். வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. கண்டக்டர் வேலை பார்க்கும் புருஷனுக்குக் காய்ச்சல் வருவதை அவருக்கு முந்தியே கண்டுபிடிப்பாள். மகன் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்த நாளில் அவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே விஷயம் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை மாடிவீட்டுக்காரி சிரித்துக்கொண்டே படியிறங்கியபோது, "அவ வீட்ல பெரிய சண்டை" என்றாள். சாயங்காலமே அந்த வீட்டுப் பாத்திரங்கள் அதை ஊருக்கே உறுதிப்படுத்தின. அதனால் எக்ஸ்ரே யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன்?

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அன்றன்று ஒதுக்கும் கீறல் முட்டைகளை விற்க முடியாது. உள்சவ்வு கிழியாமல் ஓடு மட்டும் கீறியவற்றை இருட்டறைப் பெண்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ரே ஒரு தூக்குவாளியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதற்குள் தன் பங்கைப் படுக்கவைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். பஸ்ஸில் யாராவது இடித்தால் போயிற்று. "பார்த்து நில்லுங்க, உள்ள குழந்தைங்க இருக்கு" என்பாள். இடித்தவர் வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொள்வார்.

கீறல் விழுந்த முட்டை நாளைக்கு ஆகட்டும் என்று காத்திருக்காது. அன்றைக்கே சட்டி ஏறியாக வேண்டும், நன்றாக வெந்தாக வேண்டும். அதில் அவள் கறார். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, கொண்டையைத் தூக்கி முடிந்து, நேரே அடுப்படிதான். மகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் பிரித்து மாட்டுகிறவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிகளில் ஒருநாளும் முட்டை இருந்ததில்லை. பேட்டரி, எலுமிச்சம்பழம், யாருடையது என்று தெரியாத ஒரு சாவி, இவைதான் குடியிருந்தன.

அவள் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை சொல்லியே பிரயோஜனமில்லை. ஆம்லெட்டுக்கு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, முதலில் உப்பைப் போட்டுப் பிசறி வைப்பாள். வெங்காயம் தண்ணீர் விட்டு இளகிய பிறகுதான் முட்டை உடையும். அடிக்கிற கரண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே கண்டக்டர் பசி எடுத்து வீட்டுக்குள் நுழைவார். தக்காளியை வதக்கிக் கூழாக்கி, அதில் குழி பறித்து, குழிக்கு ஒன்றாக முட்டையை உடைத்து விட்டு மூடிவைப்பது இன்னொரு நாள். மிளகைத் தட்டிப் போட்டுப் பொடிமாஸ் ஒரு நாள். பழைய ரொட்டியை முட்டையில் முக்கிச் சுடுவது, மிச்சமான சோற்றில் முட்டையை ஊற்றிக் கிளறுவது, கேரட் துருவலைச் சேர்த்துத் தடியாக ஊற்றித் தட்டு போட்டுக் கவிழ்ப்பது என்று மாதம் முழுக்க மாற்றி மாற்றிச் செய்வாள். மகன் அதில்தான் வளர்ந்தான். தோளைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வீட்டில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அவித்த முட்டை. கீறல் முட்டையை வெந்நீரில் போட்டால் கீறல் வழியாக வெள்ளை வெளியே வந்து சட்டி முழுக்க நுரை கட்டிவிடும். காசு கொடுத்து முழு முட்டை வாங்கலாம்தான். "கடல்ல இருந்துகிட்டு உப்பு வாங்கச் சொல்றீங்களா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? ஆக, லட்சக்கணக்கான முட்டைகளைக் கையில் உருட்டியவள் ஒரு முட்டையைக்கூட அவித்ததில்லை. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மருமகள் வந்தாள்.

அந்தப் பெண் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய கடையில் வேலை பார்த்தாள். அங்கே ஏசி பழுது பார்க்கப் போன மகன், ஏசி சரியான பிறகும் மூன்று தடவை போய்ச் சரிபார்த்திருக்கிறான். "மெஷினு நல்லாத்தான் இருந்துச்சு, இவனுக்குத்தான் கேஸ் லீக்" என்று கண்டக்டர் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அளவாகப் பேசுகிற பெண். அவள் மடித்து வைத்த துணியைப் பிரிக்க மனசு வராது. எக்ஸ்ரேவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நல்ல ஓடு, கீறல் இல்லை என்று மனசுக்குள் முத்திரையே குத்திவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் தட்டை மறைக்கிற மாதிரி ஓர் ஆம்லெட் போட்டு வைத்தாள். மருமகள் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்தாள், தண்ணீர் குடித்தாள், இன்னும் கொஞ்சம் பிய்த்தாள், மறுபடியும் தண்ணீர் குடித்தாள். "போதும் அத்தை" என்றாள்.

புதுப்பெண், கூச்சம் இருக்கும் என்று எக்ஸ்ரே விட்டுவிட்டாள். மறுநாள் தக்காளி முட்டை. "போதும் அத்தை." அதற்கு மறுநாள் மிளகுப் பொடிமாஸ். "போதும் அத்தை." வெறும் சோற்றில் ரசத்தை விட்டு இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துபோனாள். எக்ஸ்ரே சும்மா விடுகிற ஆளா? வெண்ணெய் போட்டாள். பால் ஊற்றி அடித்துப் பஞ்சுபோல ஊற்றினாள். முட்டையை எண்ணெயில் உடைத்துவிட்டு, ஓரம் மொறுமொறுவென்று சரிகை கட்டுகிற மாதிரி பொரித்தாள். அதைப் பார்த்துக் கண்டக்டருக்கு எச்சில் ஊறியது. மருமகள் தண்ணீர்தான் குடித்தாள். வந்த புதிதில் கைக்கு இறுக்கமாக இருந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது.

எக்ஸ்ரே மனசுக்குள் விளக்கைப் போட்டு அவளைப் பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இவளுக்கு நம்ம வீடு பிடிக்கவில்லை. கீறல் முட்டை தின்கிற குடும்பம் என்று இளக்காரம்.

இதற்குத் தோதாக மகன் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான். "அம்மா, என் வேலைக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம். லீவு நாள்ல போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

எக்ஸ்ரே ஈரத்துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். இவன் வாயில் வந்தாலும் பேச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு இருப்பது ஒரே மகன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இரண்டே பேருக்கு என்று சமைத்ததில்லை. அப்போது மாமனாரும் நாத்தனார்களும் இருந்தார்கள், பிறகு மகன் வந்தான், அவன் சேக்காளிகள் வந்தார்கள். தூக்குவாளியைத் திறந்து, இதில் பாதியை யாருக்குக் கொடுப்பது என்று நிற்கப்போகிற ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். பயமாகவே இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அத்தனை துடைப்பும்.

அந்த வாரமே கண்டக்டர் ஒரு சேதி கொண்டுவந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "உன் மருமகள பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். வண்டிய எடுத்துட்டோம், இல்லேன்னா கூப்பிட்டிருப்பேன். தள்ளுவண்டி பக்கத்துல நின்னுகிட்டு என்ன சாப்பிட்டுட்டு இருந்தா தெரியுமா?"

"என்ன?"

"அவிச்ச முட்டை!"

எக்ஸ்ரே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்தும் அங்கதான் நின்னா. நான்தான் வேற யாரோன்னு நெனச்சேன்" என்று கண்டக்டர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். அப்புறம்தான் மனைவி முகத்தைப் பார்த்தார். "அட, ஒரு முட்டைதானே. இதுக்குப் போய்…"

"ஒரு முட்டையா? முட்டைக் குடோன்ல வேலை பாக்குறவ வீட்டு மருமக, ரோட்ல நின்னு காசு குடுத்து முட்டை வாங்கித் திங்குறா. நாளைக்கு யாராவது பாத்தா, மாமியாக்காரி சோறு போடலைன்னு சொல்ல மாட்டாங்க?"

கோபம் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்கப்புறம் வேறொன்று வந்தது. அந்தப் பெண்ணுக்கு முட்டை வேண்டாம் என்றில்லை. அவித்த முட்டைதான் வேண்டும். இந்த வீட்டில் இல்லாத ஒன்றைத்தான் அவள் தேடிப் போயிருக்கிறாள். இவ்வளவுதானா விஷயம்? எக்ஸ்ரேவுக்குத் தெம்பு வந்துவிட்டது. முட்டையால் வந்த வினையை முட்டையாலேயே தீர்த்துவிடலாம். மகன் வீடு பார்க்கப் போகிற அன்று காலையில் தட்டு நிறைய அவித்த முட்டை வைத்துவிட வேண்டும். எங்கே போய்விடுவார்கள், பார்ப்போம்.

எப்படி அவிப்பது என்றுதான் தெரியவில்லை. முட்டைக் கிடங்கில் போய் முட்டை அவிப்பதற்கு வழி கேட்டால் ஓய்வு பெறுகிற வரை அந்தச் சிரிப்பு ஓயாது. பக்கத்து நாற்காலிக்காரியிடம் நைசாகப் போட்டுப் பார்த்தாள். "உங்க வீட்ல முட்டை அவிப்பீங்களா?"

"நம்ம முட்டையவா? சட்டியத் தேய்க்கிறதுக்கு ஆள் வெக்கணும்" என்றாள் அவள். அவளும் அதே வாளி, அதே கீறல் முட்டை. இருட்டறை மொத்தமும் இந்த விஷயத்தில் இருட்டுத்தான்.

லீவுக்கு முந்தின நாள் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். "எனக்கு முழு முட்டை வேணும். காசுக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உனக்கா? உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்கு வந்த லோடுல நானே பொறுக்கிக்குறேன்."

பொறுக்கினாள் பாருங்கள், அப்படி ஒரு பொறுக்கல்! பண்ணையிலிருந்து அன்று காலை வந்திறங்கிய அட்டைகளில் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் காட்டி, நாளாக நாளாகப் பெரிதாகும் காற்றறை இன்னும் கடுகளவாகவே இருக்கிற, இட்டு ஒரு நாள்கூட ஆகாத முட்டைகளாகத் தேர்ந்தெடுத்தாள். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை. அதைவிடப் புதுசு வேண்டுமென்றால் கோழியைத்தான் கூட்டிவர வேண்டும்.

காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து முட்டைகளை இறக்கினாள். வெந்திருக்குமா, வேகலையா? ஆம்லெட் என்றால் வாசனை சொல்லும், ஓரம் சொல்லும். இது மூடிய கதவு மாதிரி கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகவே கொதிக்கவிட்டாள். பிறகு இறக்கி ஆறவைத்து, ஒன்றை எடுத்துத் தட்டி உரித்தாள்.

ஓடு வந்தது. ஓட்டோடு வெள்ளையும் கட்டியாகப் பிய்ந்து வந்தது. கையில் மிஞ்சியது முட்டையா, எலி கடித்த சோப்பா என்று சொல்ல முடியவில்லை. அடுத்ததை மெதுவாக உரித்தாள். மஞ்சள் கரு வரை குழி விழுந்தது. இன்னொன்றை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். அதற்கு முந்தினதே தேவலை என்று ஆனது. கண்டக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன இது, முட்டைக்கு அம்மையா?"

"போயிடுங்க இங்கேர்ந்து."

அவர் போய்விட்டார். முப்பது வருஷக் குடித்தனம் அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி கொடுத்திருந்தது.

எக்ஸ்ரே அடுத்த முட்டையை எடுத்தாள். அதுவும் அப்படித்தான் உரிந்தது. இத்தனை வருஷத்தில் முட்டை அவள் பேச்சைக் கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. மேடை முழுக்க ஓடும் வெள்ளைத் துணுக்குகளுமாக இறைந்து கிடந்தன. கூடத்தில் மகன் சட்டை மாற்றுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து வெங்காயம்கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல வழியில்லை.

"அத்தை?"

மருமகள் வாசற்படியில் நின்றாள். மேடையைப் பார்த்தாள், அத்தை முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து ஒரு முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். அவளுக்கும் பிய்ந்துதான் வந்தது.

"இது நேத்து வந்த முட்டையா?"

"நேத்து இட்ட முட்டை. இதுக்கு மேல புதுசு கிடைக்காது."

"அதான் அத்தை. புது முட்டை உரிக்க வராது. ஒரு வாரம் பத்து நாள் ஆனதா இருக்கணும். அப்பதான் ஓடு தனியா கழண்டு வரும்."

எக்ஸ்ரே திரும்பிப் பார்த்தாள். பழசு என்று நாள் முழுக்கத் தன் கையால் ஒதுக்குகிற முட்டைக்கு இப்படி ஒரு மரியாதையா? "உனக்கு யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு தள்ளுவண்டிக்காரர். உரிச்சுகிட்டே சொல்லுவார்." சொன்ன பிறகுதான் மருமகளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும். உன் மாமா பாத்திருக்காரு" என்றாள் எக்ஸ்ரே. குரலை நிதானமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "தினம் அங்க நின்னு சாப்பிடுற அளவுக்கு அவ்ளோ பிடிக்குமாம்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா? இதுக்கு ஏன் வீட்டை விட்டுப் போகணும்?"

மருமகள் கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள். "எனக்குப் பிடிக்காது அத்தை."

"எது?"

"முட்டை. எந்த முட்டையும் பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே. அந்த வாசனை வந்தாலே தொண்டை மூடிக்கும்."

எக்ஸ்ரே முட்டைச் சட்டியைத் தட்டு போட்டு மூடினாள்.

"இந்த வீட்ல எல்லாரும் சாயங்காலம் சேர்ந்து உக்காந்து சாப்பிடுறீங்க. நீங்க களைச்சுப் போய் வந்தும் எனக்குன்னு விதவிதமா பண்றீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது? அதான், பழகிக்கலாம்னு. அவிச்சதுல வாசனை கொஞ்சம் கம்மி. வேலை விட்டு வர்றப்ப தினம் ஒண்ணு வாங்கி, மிளகுத்தூளை நிறையப் போட்டு, கண்ணை மூடிகிட்டு முழுங்கிப் பாத்தேன். முதல் நாள் கால்வாசிதான் முடிஞ்சுது. இப்போ முக்கால் முட்டை வரைக்கும் வந்துட்டேன்."

முக்கால் முட்டை. அதை ஏதோ பரிட்சையில் பாஸ் செய்ததுபோல அந்தப் பெண் சொன்னாள். ரோட்டோரம் நின்று, பிடிக்காததைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிய பெண்ணைத்தான் எக்ஸ்ரே இளக்காரக்காரி என்று ஒதுக்கிவைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த இத்தனை நாளில், உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரே ஒரு தடவை அவளிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவே இல்லை. தனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

"அப்ப அந்த வீடு?"

"அவருதான் பாக்குறாரு. இங்க நான் பட்டினி கெடக்குறேனாம். நானா போகலாம்னு சொன்னேன்?"

எக்ஸ்ரே ஈரக்கையோடு மருமகளின் கன்னத்தைத் தொட்டாள். ஒரு துணுக்கு முட்டை ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் மூக்கு சுருங்கியதைப் பார்த்துவிட்டு அவசரமாக முந்தானையால் துடைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சொல்லு. உனக்கு என்னதான் பிடிக்கும்?"

மருமகள் யோசிக்கவே இல்லை. "கத்தரிக்காய். நீளமா நறுக்கி எண்ணெயில வதக்கினாப் போதும்."

"கத்தரிக்காயா? எனக்கு உடம்பெல்லாம் அரிக்குமே" என்று கூடத்திலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் எக்ஸ்ரே. பிறகு மருமகளிடம் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அது அவ்வளவா வராது. பக்கத்துல நின்னு சொல்லு. நான் செய்றேன்."

மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். மேடையையும், அதன் முன்னால் நின்று சிரிக்கிற இரண்டு பெண்களையும் பார்த்துக் குழம்பிப்போனான். "என்ன நடக்குது இங்க? கிளம்பு, வீட்டுக்காரர் காத்துகிட்டிருப்பாரு."

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் மருமகள். அரிவாள்மணை எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தாள். "வீடு வேண்டாம்னு சொல்லிட்டு, வர்ற வழியில கத்தரிக்காய் வாங்கிட்டு வந்துருங்க. பிஞ்சாப் பாத்து."